“பொறுத்துக்கொள்” என்று சொல்ல நாம் யார்?

பொறுமையின் சிறப்பைப் பற்றி மிம்பரில் நின்று எத்தனையோ ஜும்ஆக்களில் நாம் பேசியிருக்கிறோம். அய்யூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பொறுமையையும், மகனைப் பிரிந்த யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பொறுமையையும் எடுத்துச் சொல்லும்போது கேட்போரின் கண்கள் கலங்குவதைக் கண்டிருக்கிறோம். ஆனால் பொறுமையைப் போதிப்பதும் ஒருவகையில் அநீதியாகிவிட முடியும் என்பதை நமக்குக் கற்றுக் கொடுத்தது கிதாபு அல்ல. ஒரு பெண்மணியின் கேள்விதான்.

கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோர மஹல்லா ஒன்றில் நாம் இமாமாக இருந்த காலம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், வயது முதிர்ந்த தகப்பனாரும், கைக்குழந்தையோடு அவருடைய மகளும் பள்ளி வாசலோரம் வந்து நின்றார்கள். நிகாஹ் முடிந்து ஓராண்டில் மருமகன் அரபு நாட்டுக்குப் போயிருக்கிறார். ஐந்து மாதம் பணம் வந்தது. பிறகு பணமும் நின்றது, பேச்சும் நின்றது. போன் நம்பர் மாறிவிட்டது. மாமியார் வீட்டில் கேட்டால், “எங்களுக்கே தெரியாது” என்ற ஒரே பதில். அப்போதே மூன்றாண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

அந்தப் பெண் அழவில்லை. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “ஹஜ்ரத், நான் பொண்டாட்டியா, விதவையா, தலாக்கு ஆனவளா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்தமாதிரி இருந்துக்கிறேன்.”

நாம் சொன்ன பதில் இதுதான்: “பொறுமையா இருங்கம்மா. பொறுத்தவங்களை அல்லாஹ் கைவிட மாட்டான்.”

சொன்னதில் பொய் எதுவுமில்லை. ஆனால் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. இரண்டாண்டுகள் கழித்து அவரை மறுபடியும் கண்டோம். தகப்பனார் மவுத்தாகியிருந்தார். மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சிப்பி மாலை கோர்த்துக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். நிலைமை மட்டும் அதேதான். மனைவியுமில்லை, விதவையுமில்லை, விலக்கப்பட்டவருமில்லை. அன்றிரவு நாம் ஓதிய கிதாபுகளை மீண்டும் விரித்தோம். நாம் சொன்ன பதில் மார்க்கத்தின் பதிலா, அல்லது நம்முடைய சோம்பலின் பதிலா என்று பார்க்க வேண்டியிருந்தது.

திருமறை காட்டும் எல்லை

மனைவியரிடையே நீதி செலுத்துவதைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒருத்தியை அந்தரத்தில் தொங்குபவளைப் போல விட்டுவிடக் கூடாது என்று திருக்குர்ஆன் (4:129) எச்சரிக்கிறது. வாழ்வுமில்லாமல் விடுதலையுமில்லாமல் நிற்கும் நிலைக்கு அல்லாஹ்வே ஒரு பெயர் வைத்து, அதைக் கூடாது என்று தடுத்திருக்கிறான். மனைவியை நல்ல முறையில் வைத்துக்கொள்வது, அல்லது நல்ல முறையில் விட்டுவிடுவது. துன்புறுத்தும் நோக்கத்தோடு தடுத்து வைக்கலாகாது என்பது மற்றோரிடத்துக் கட்டளை (2:231). இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று திறந்துவிடப்படவில்லை.

ஈலாவின் சட்டத்தைப் பாருங்கள். மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கு நான்கு மாதம்தான் தவணை. அதற்குள் அவன் திரும்ப வேண்டும். இல்லையேல் விலக வேண்டும். ஒரே கூரையின் கீழ், வேளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பவனுக்கே நான்கு மாத எல்லை என்றால், முகமும் காட்டாமல் செலவுக்கும் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பவனுக்கு எல்லையே கிடையாது என்று எந்த அறிவு ஒப்புக்கொள்ளும்?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கடிதம்

அமீருல் மூமினீன் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் காலத்தில் படைவீரர்கள் வீட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள். இரவில் நகரைச் சுற்றி வரும்போது, கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் புலம்பல் அவர்கள் செவியில் விழுந்தது. “பொறுமையாயிரு” என்று சொல்லிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடவில்லை. தம் அருமை மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று விசாரித்தார்கள். கிடைத்த பதில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அதையே அளவாக வைத்துப் படைவீரர்களின் தவணையை மாற்றியமைத்தார்கள்.

அதுமட்டுமல்ல. மனைவியரை விட்டு நீண்டகாலம் பிரிந்திருந்தவர்கள் செலவுத் தொகை அனுப்ப வேண்டும், இல்லையேல் விவாகவிலக்குச் செய்ய வேண்டும், விலக்கினால் கடந்த காலத்துச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று படைத் தளபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த அறிவிப்பை இமாம் ஷாபிஈ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களே எடுத்துக் கூறுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஜிஹாதுக்குப் போனவர்களுக்கே இந்தக் கட்டளை! நம் கடலோர ஊர்களில் சபர் போவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். பாட்டன்மார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். பேரன்மார் துபாய்க்கும் ஸவூதிக்கும் விமானம் ஏறுகிறார்கள். மனைவியின் சம்மதத்தோடு போய், மாதாமாதம் அனுப்பி, நாளுக்கொரு முறை பேசும் சபுராளியை யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய உழைப்பும் இபாதத்துதான். ஆனால் சபர் என்ற பெயரில் மனைவியைக் கைவிடுகிறவன் போர்வீரனைவிட உயர்ந்த சலுகையை எந்தக் கணக்கில் பெறுகிறான்?

மத்ஹபுகளின் தீர்ப்பு

காணாமற்போன கணவனைப் பிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’ என்கின்றன. அவன் வயதொத்தவர்களெல்லாம் மறைந்துபோகும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் பழைய நிலை. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களுக்கு முந்திய கருத்து, பிந்திய கருத்து என்று இரண்டு உண்டு. முந்தியது நான்காண்டு, பிந்தியது மரணமோ விலக்கோ உறுதியாகும் வரை. மாலிகி மத்ஹபில், காஜியிடம் முறையிட்டு, விசாரணையும் தேடுதலும் நடந்தபின் நான்காண்டு தவணை. அதன் பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. இது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைத் தழுவியது.

கணவன் இருக்குமிடம் தெரிந்தும் செலவு கிடைக்காதவளின் பிரச்சினை வேறு. கணவன் செலவு கொடுக்க வகையற்றவனாகிவிட்டால், காஜி மூலம் நிகாஹை முறிக்கும் ‘பஸ்கு’ உரிமையை ஷாபிஈ மத்ஹபு மனைவிக்கு வழங்குகிறது. அத்தோடு, கொடுக்கப்படாத செலவுத் தொகை கணவன் மீது கடனாகவே நிற்கும், காலம் கடந்ததால் அழிந்துவிடாது என்பதும் அம்மத்ஹபின் தீர்ப்பு.

இந்தியாவில் ஹனபி மத்ஹபைச் சார்ந்தோர் பெருந்தொகையினர். கணவனிடமிருந்து விடுதலை கிடைக்க வழி தெரியாமல், பஞ்சாப் பகுதியில் சில பெண்கள் மதம் மாறினால் நிகாஹ் முறிந்துவிடும் என்று கருதி இஸ்லாத்தையே துறக்கும் விபரீதம் நேர்ந்தது. “பொறு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததன் விளைவு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்! இதைக் கண்டு துடித்த மவ்லானா அஷ்ரப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், 1930களின் தொடக்கத்தில் ‘அல் ஹீலதுன் நாஜிஸா’ என்ற நூலை உருவாக்கினார்கள். ஹிஜாஸிலிருந்த மாலிகி உலமாக்களிடம் கேள்விகள் அனுப்பிப் பத்வாக்கள் பெற்று, நிர்ப்பந்தத்தில் ஹனபிகளும் மாலிகி தீர்ப்பின்படி நடக்கலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். தம் மத்ஹபின் மீது அவர்களைவிடப் பற்றுள்ளவர் யார்? அந்தப் பற்று ஒரு பெண்ணின் கண்ணீரைக் காண அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை.

நாட்டுச் சட்டத்தில் உள்ள வழி

அந்த முயற்சியைத் தொடர்ந்து, மத்திய சட்டசபையில் காஜி முஹம்மது அஹ்மது காஜ்மி அவர்கள் கொண்டுவந்த மசோதா, 1939 மார்ச் 17ஆம் நாள் ‘முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம்’ ஆயிற்று. ஆக, உலமாக்களின் கவலையிலிருந்து முளைத்த சட்டம் இது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் இரண்டாம் பிரிவு:

கணவன் இருக்குமிடம் 4 ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால், மனைவி நீதிமன்றத்தில் விவாகரத்துக் கோரலாம். 2 ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றாலும் கோரலாம். தக்க காரணமின்றி 3 ஆண்டுகள் இல்லறக் கடமைகளை நிறைவேற்றாவிட்டாலும், 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றுவிட்டாலும் கோரலாம். கொடுமை முதலிய வேறு காரணங்களும் அதில் உண்டு.

காணாமற்போனவன் விஷயத்தில் சட்டம் எவ்வளவு நிதானமாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். அவனுடைய வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சிற்றப்பாவோ பெரியப்பாவோ, சகோதரரோ இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் 6 மாதம் கழித்தே அது செயலுக்கு வரும். அதற்குள் அவன் வந்து, கடமைகளை நிறைவேற்றத் தயார் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தியளித்தால் தீர்ப்பு ரத்தாகும். மனைவியின் மஹர் உரிமையை இச்சட்டம் தொடவில்லை என்று ஐந்தாம் பிரிவு கூறுகிறது.

நம்மிடம் வந்த அந்தப் பெண்மணிக்கு அன்றே மூன்றாண்டுகள் செலவு வரவில்லை. அன்றே அவருக்கு வழியிருந்தது. நாம் அதைச் சொல்லவில்லை. இரண்டாண்டுகள் வீணாயின. அல்லாஹ் நம்மை மன்னிக்க வேண்டும்.

குலா வேறு, பஸ்கு வேறு

நம் குடும்பங்களில் பெருங்குழப்பம் ஒன்று உண்டு. பெண் கேட்டுப் பெறும் விடுதலை எல்லாமே குலா என்று எண்ணிக்கொள்கிறார்கள். தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் துணைவியார் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தது குலா. அங்கே கணவர் எதிரே இருந்தார். ஓடி மறைந்தவனிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது? யாரிடம் சம்மதம் கேட்பது? கடமை தவறியது அவன். ஆகவே மஹரை விட்டுக்கொடுத்தால்தான் விடுதலை என்று அவளிடம் பேரம் பேசுவது பெரும் அநியாயம். அவளுக்குரிய வழி பஸ்கு.

அடுத்து, ஜமாஅத்தோ அமைப்போ கொடுக்கும் சான்றிதழோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இருந்துவிடக் கூடாது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் ஓர் அபிப்பிராயமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது. தமிழ்நாட்டில் ஓர் அமைப்பின் ஷரீஅத் கவுன்சில் வழங்கிய குலா சான்றிதழை அதே நீதிமன்றம் 2023இல் ரத்து செய்து, பெண் குடும்பநல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்றது. தாளை நம்பி மறுமணம் செய்த பெண் பிறகு வழக்கில் சிக்கினால், அவளுக்குக் கைகொடுப்பவர் யார்?

மறுபுறம், தீர்ப்பளிக்கும் நீதிபதி முஸ்லிமல்லாதவராக இருந்தால் அது மார்க்கப்படி செல்லுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மவ்லானா தானவி (ரஹ்) அவர்கள், காஜி இல்லாத நாட்டில் தகுதியுள்ள முஸ்லிம்களின் குழு விசாரித்து முடிவு செய்யும் மாலிகி வழியை எடுத்துக் காட்டினார்கள். ஆகவே பேணுதலான முறை இரண்டையும் சேர்த்துச் செய்வதே. நீதிமன்றத் தீர்ப்பைப் பெறுவது, உலமாக்கள் குழுவும் விசாரித்து மார்க்கப்படி பஸ்கை உறுதி செய்வது, பின்னர் இத்தா. இப்படிச் செய்தால் நாட்டுச் சட்டத்திலும் குற்றமில்லை, மனத்திலும் உறுத்தலில்லை.

எழும் ஆட்சேபங்கள்

“வழியைச் சொல்லிக் கொடுத்தால் சிறு சண்டைக்கெல்லாம் பெண்கள் கோர்ட்டுக்கு ஓடுவார்களே?” என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். இரண்டாண்டும் நான்காண்டும் சிறு சண்டையின் அளவா? பொறுமையின் அளவை மார்க்கமும் சட்டமும் முன்பே வைத்துவிட்டன. அந்த அளவு முடிந்த பின்னும் “இன்னும் பொறு” என்பது பொறுமையைப் போதிப்பதாகாது. அக்கிரமக்காரனுக்கு அவகாசம் கொடுப்பதாகும்.

“அவன் அங்கே என்ன கஷ்டத்தில் இருக்கிறானோ?” என்பார்கள். இருக்கலாம். கடலில் போனவன் புயலில் மாட்டியிருக்கலாம். அரபு நாட்டில் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு முடங்கியிருக்கலாம். அதனால்தான் விசாரணை கடமையாகிறது. ஆனால் விசாரிப்பது யார் வேலை? கைக்குழந்தைக்காரியின் வேலையா, நிகாஹுக்குச் சாட்சி நின்று பிரியாணி உண்ட நம்முடைய வேலையா?

“பெண் மீதும் குற்றமிருக்கலாமே?” இதுவும் நியாயமான கேள்வி. காரணமின்றிக் கணவனுக்கு மாறு செய்து வெளியேறியவளுக்குச் செலவுத் தொகை இல்லை என்பது பிக்ஹுச் சட்டம். இதனால் நீதிமன்றங்களும் பலவிதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. 1970இல் கேரள உயர் நீதிமன்றத்தில் யூசுப் ராவுத்தர் வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இரண்டாண்டு செலவு கொடுக்கப்படவில்லை என்பதே போதும், மனைவியின் நடத்தை அந்த உரிமையைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தார். பிக்ஹு நோக்கில் நாம் இதில் தயங்கலாம்; விவாதிக்கலாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. குற்றம் உண்டா இல்லையா என்பது விசாரித்து அறிய வேண்டியது. அவளைக் கண்டவுடன் அனுமானிக்க வேண்டியதல்ல.

அறிவுரை எங்கே நிற்க வேண்டும்?

பரீரா (ரலி) அவர்களின் சம்பவம் நாம் அறிந்ததுதான். அடிமையாயிருந்த அவர் விடுதலை பெற்றதும், கணவர் முகீஸ் அவர்களோடு வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. அவர் பிரிவையே தேர்ந்தார். முகீஸோ மதீனாவின் வீதிகளில் தாடி நனைய அழுதுகொண்டு பின்தொடர்ந்தார். கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே மனமிரங்கிப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்று பெருமானார் பதிலளித்தார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்தோடு விஷயம் முடிந்தது. யாரும் அவரை ஏசவில்லை.

அங்கே கணவர் கைவிட்டவரல்ல, அன்பால் உருகியவர். பரிந்து பேசியவர் அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் அறிவுரை கட்டளையாக மாறவில்லை. நாமோ, ஓடிப்போனவனுக்காகப் பரிந்து பேசி, அதைக் கட்டளையாகவும் ஆக்கிவிடுகிறோம்! பொறுமை என்பது ஓர் அடியான் தன் ரப்புக்காகத் தானே ஏற்கும் அமல். வழி இருப்பதை அறிந்து, அதன் பிறகும் ஒரு பெண் காத்திருக்க விரும்பினால் அது அவளுடைய பொறுமை. அதற்குக் கூலியும் அவளுக்கே. வழியை மறைத்து அவளைக் காத்திருக்க வைத்தால் அது பொறுமையல்ல, சிறை. அந்தச் சிறையின் சாவி நம் கையில் இருந்தது என்று நாளை மஹ்ஷரில் கேள்வி வரும்.

மஹல்லா என்ன செய்யலாம்? நிகாஹ் தப்தரில் மாப்பிள்ளையின் நிலையான விலாசத்தையும், வெளிநாட்டில் வேலை என்றால் அந்த விவரத்தையும் எழுதி வாங்கலாம். ஆறு மாதம் செலவு வராத பெண் முறையிட்டால், மாப்பிள்ளையின் ஜமாஅத்துக்கு எழுதி, பதிலைப் பதிவு செய்து வைக்கலாம். நாளை வழக்கில் அதுவே அத்தாட்சியாகும். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமையுண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறிப்போக ஒரு பெண்ணுக்குத் துணை வேண்டும். அந்தத் துணையாக ஜமாஅத்தார் ஒருவர் போகலாம். இது ஃபித்னாவுக்கு உதவுவதல்ல, அநீதியிழைக்கப்பட்டவருக்கு உதவுவது.

கடைசியாக ஒன்று. கிதாபுகளைப் பார்த்து முடித்த மறுவாரம், நம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய தம்பியும் உடனிருந்தார். “அன்றைக்கு நாம் சொன்னது முழுப் பதில் இல்லையம்மா. உங்களுக்கு வழி இருந்தது. சொல்லத் தவறிவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றோம். உள்ளதையெல்லாம் விளக்கினோம்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா, அத்தா இருக்கும்போதே…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சிறிதுநேரம் கழித்து, கோர்த்துக்கொண்டிருந்த சிப்பி மாலையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

“என்னென்ன காகிதம் எடுத்துக்கிட்டு வரணும், ஹஜ்ரத்?”

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மஹல்லாவிலும் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! பொறுமையைப் பிறருக்குப் போதிக்குமுன், நீதியை நாம் நிறைவேற்றத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.